பாயிடம் பின்சந்தைப் பற்றிப் பேசாதே

சேகர்,

உன் கடிதம் திங்கட்கிழமை பகல் தபாலில் வந்தது. இங்கே குடியாத்தத்தில் உன் அக்கா வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டாய், பத்து வருஷத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த நம் ஜவுளிக் கடையின் பலகைகளைக் கழற்றிவிட்டாய், தெருவில் இன்னும் ஆறு பேரைப் பிடித்து, தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நாளில் கடை திறப்பது என்று வாக்கு வாங்கிவிட்டாய். மாடிக்கு ஒரு வக்கீல், எதிர் வீட்டுக்கு ஒரு டாக்டர். செத்துப்போன கடைத்தெருவுக்கு மறுபடி ஜனத்தைக் கொண்டுவருவேன் என்று எழுதியிருக்கிறாய். என் பிள்ளையா இது என்று எனக்கே ஆச்சரியம். உன் அம்மா இருந்திருந்தால், "பயந்தாங்கொள்ளிக்குப் பொறந்தவனைப் பாரு" என்று என்னைக் கிண்டல் செய்திருப்பாள்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் இருந்த நாலு வரி கண்ணில் நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கரீம் பாயைப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்கிறாய். அவருடைய தோல் மண்டியும் கமிஷன் ஆபீஸும் மறுபடி நம் தெருவுக்கே, அந்தப் பழைய கட்டடத்துக்கே வந்துவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடும் என்கிறாய். சரியான கணிப்புதான். அதற்குப் பிறகு எழுதியிருக்கிறாய்: "ஆனால் ஒன்று நைனா, தோல் மூட்டைகளும் ஷாப்பு ஆட்களும் பின்சந்து வழியாகத்தான் வரவேண்டும் என்று பாயிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். தெரு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் இல்லையா?"

இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அக்கா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன். மார்கழி மாதத்தில் என்ன வெயில் என்று அவள் முறைத்தாள். நான் பயந்த சுபாவம் என்பது உனக்குத் தெரியும். பஸ் டிரைவர் இருமினால் இறங்கிவிடலாமா என்று யோசிக்கிற ஆள் நான். ஆனால் இந்த முறை வந்த பயம் அந்த மாதிரி இல்லை. நீ எழுதிய அந்த வரியை நான் ஏற்கெனவே ஒரு முறை படித்திருக்கிறேன். படித்தேன் என்று கூடச் சொல்லக் கூடாது. அதை எழுதியவனே நான்தான்.

நம் கடைத்தெரு ஏன் காலியானது என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், பஸ் உள்ளே வருவதை நிறுத்திவிட்டார்கள், ஜனம் மெயின் ரோட்டோடு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் மற்றவர்களும் அதையேதான் சொல்வார்கள். அது பொய். ஜனம் போனது முதலில். ஏறுவதற்கு ஆள் இல்லாததால் பஸ் நின்றது பிறகு. அதை உனக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

யுத்தம் முடிந்த சமயம் அது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கிற நம் சின்ன ஊரில், தெரு முனையில் கரீம் பாயின் மண்டி. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரத்திலிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளிகள் அதை வாங்க வருவார்கள். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள்; ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது. மண்டிக்கு மேல் மாடியில் ஆபீஸ். நம் ஊர் ஷாப்பின் கணக்கு வழக்கும் அங்கேதான், அதன் ஆட்களுக்கு வாரச் சம்பளமும் அங்கேதான். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழன் சாயங்காலம் சம்பளம் போடுவார்கள். போட்டதும் ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் நம் தெருவில் இறங்குவார்கள். டீக்கடையிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் அந்தச் சாயங்காலம்தான் சாயங்காலம். உனக்கும் மங்கலாக நினைவிருக்கும். கூட்டத்தில் என் வேட்டியைப் பிடித்துக்கொள்வாய்.

நம் கடையில் குடியாத்தம் லுங்கி, துண்டு, நூல் புடவை. வியாழக்கிழமை விற்கிற அளவுக்கு மற்ற ஆறு நாளும் சேர்ந்து விற்காது. ஆனாலும் அவர்களை நாங்கள் நடத்திய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஷாப்பு ஆட்கள் துணியைத் தொடக் கூடாது என்பது தெருவில் எல்லா ஜவுளிக் கடைக்கும் சட்டம். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டைச் சாறும் தோல் நாற்றமும் அவர்கள் கையில் ஊறியிருக்கும். கை வைத்தால் வாசனை மடிப்பில் நின்றுவிடும், பிறகு வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்போம். வெளியே ஒரு பெஞ்சு. அங்கேதான் அவர்கள் நிற்க வேண்டும், உட்கார வேண்டும். நான் உள்ளே இருந்து ஒரு மூங்கில் கோலில் துணியை மாட்டித் தூக்கிக் காட்டுவேன். அந்தக் கோல் என் கண்டுபிடிப்பு. அதைப் பார்த்து மற்ற இரண்டு ஜவுளிக் கடைக்காரர்களும் ஆளுக்கு ஒன்று செய்து வைத்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு அதில் பெருமை கூட இருந்தது.

முனியம்மா என்று ஒருத்தி. ஷாப்பில் பட்டை இடிக்கிறவள். மகளுக்குக் கல்யாணம் என்று புடவை எடுக்க வந்தாள். சிவப்பில் மஞ்சள் கரை போட்டது ஒன்றைக் கோலில் தூக்கிக் காட்டினேன். அவளுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாத்தா தானே மொதலாளி தெரியும், நூலு எப்டி கீதுன்னு."

"கண்ணால பாத்தா போதும்மா. கை வெச்சா வாசனை நின்னுடும், அப்புறம் யார் வாங்குவா?"

"எங்கையிலேர்ந்து துட்டு மட்டும் வாங்கிக்கறீங்களே, அதுல வாசனை இல்லியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துட்டைக் கொடுத்து, புடவையை வாங்கி, நாலு கடை தள்ளிப் போன பிறகு அதைப் பிரித்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வாங்கி முடித்த பிறகுதான் நூல் எப்படி என்று தெரிந்துகொள்கிற உரிமை அவளுக்கு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஆளுக்குக் கோலைத் தூக்கினேன்.

வாசனை என்ற சொல் எங்களுக்கு வெகு வசதியாக இருந்தது, சேகர். மேலத்தெருவில் பண்ணையார் வீட்டு மாட்டுக் கொட்டகையும்தான் நாறியது. அந்த வீட்டு ஆட்கள் வந்தால் பாய் போட்டு உட்கார வைத்துப் புடவையை மடியில் விரித்துக் காட்டுவோம். ஷாப்பு ஆட்கள் பாதிப் பேர் சேரியிலிருந்து வருகிறவர்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு வாசனை என்று சொன்னோம். உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் அந்தப் பண்ணையார் வீட்டிலேயே கல்யாணம் வந்தது. பெரிய ஜவுளி. பெண்கள் இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். அன்று வியாழக்கிழமை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. தெருவில் கூட்டம், தோல் மூட்டை, ஈ. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் வேலூரில் ஜவுளி எடுத்தார்கள். தெருவே ஆடிப்போய்விட்டது. இப்படியே போனால் கல்யாண ஜவுளி மொத்தமும் வேலூருக்குப் போய்விடும் என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். எல்லோரையும் விட ஜாஸ்தி பயந்தது நான்தான். நம் கடையில்தான் கூட்டம் போட்டோம். பஞ்சாயத்து போர்டுக்கு மனு எழுதுவது என்று முடிவானது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள்.

எழுதினேன். துர்நாற்றம், சுகாதாரக் கேடு, குடும்பப் பெண்கள் நடமாட முடியவில்லை என்று என்னென்னவோ. கேட்டது இரண்டு விஷயம். தோல் மூட்டைகளும் கூலியாட்களும் பின்சந்து வழியாக மட்டுமே வரவேண்டும். சம்பளம் வாங்கியவர்கள் தெருவில் கூடி நிற்கக் கூடாது. கீழே முதல் கையெழுத்தைப் போட எல்லோரும் தயங்கினார்கள். எங்கே என்னை மட்டும் தனியாக விட்டுவிடுவார்களோ என்று பயந்து நானே முதலில் போட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பயத்தில் கூட ஒருவன் முந்திக்கொள்வான் என்பதற்கு நான் சாட்சி. பத்துப் பேர் ஒரே குரலில் பேசும்போது உன் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொள். மறுநாள் காலையிலும் அதே புத்தி இருந்தால் எழுதலாம்.

உன் அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். சாப்பாடு போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "அவங்க இந்தப் பக்கம் வரலன்னா நாம யாருக்குத் துணி விக்கறது?" கிராமத்து ஜனம் வரும், கல்யாண ஜவுளி வரும் என்றேன். "கிராமத்து ஜனம் இங்க எதுக்கு வருது? தோலு போட வருது. போட்டுட்டுப் போறப்ப துணி எடுத்துக்கினு போவுது." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனு அதற்குள் போய்விட்டிருந்தது. நான் ரசம் ஊற்றச் சொன்னேன்.

இனி எழுதப் போவதுதான் நான் உனக்கு மறைத்தது. கரீம் பாய் எனக்கு யார் தெரியுமா? அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, உருதுதான் எழுதுவார். கிராமத்துத் தோல் வியாபாரிகளுக்கு அவர் போட வேண்டிய தமிழ்க் கடிதங்களையெல்லாம் எட்டு வருஷம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். தினமும் பதினோரு மணிக்கு நம் கடைக்கு வந்து உட்காருவார், டீ வரும், அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். கடையில் நம் பக்கத்திலேயே, உள்ளே, பாயில்தான் உட்காருவார். "தோஸ்த்" என்றுதான் கூப்பிடுவார். நீ பிறந்தபோது முதல் சட்டை அவர் எடுத்துக் கொடுத்தது.

மனு போன பத்தாம் நாள், வழக்கம் போல வந்து உட்கார்ந்தார். டீ வந்தது. கடிதம் எழுத ஒன்றும் இல்லை என்றார். பாதி டீ குடித்துவிட்டுச் சொன்னார்.

"போர்டு ஆபீஸ்ல கூப்ட்டு ஒரு காயிதம் காட்னாங்க தோஸ்த். மூட்டையெல்லாம் பின்சந்து வழியா வரணும்னு யாரோ எழுதிக் குடுத்துகீறாங்க."

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"சரி, மூட்டை சந்து வழியா வரும். ஆளுங்களும் சந்து வழியா வருவாங்க. நான் எந்த வழியா வரணும்?"

"உங்களுக்கு இன்னா பாய், நீங்க எப்பவும் போல வரலாம்" என்றேன்.

"யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

"தெரியாது பாய்."

அவர் மீதி டீயையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். சலாம் சொன்னார். எப்போதும் போலவே எழுந்து போனார். அன்றைக்குப் பிறகு நம் கடைப் படி ஏறவில்லை. அவருக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? படிக்கத் தெரியாவிட்டாலும் எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எழுத்து இல்லையா? இது எனக்கு அன்று சாயங்காலமே உறைத்தது. அவர் தெரிந்துகொள்ள வரவில்லை. நான் சொல்கிறேனா என்று பார்க்க வந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மண்டி இருபது அடி தூரம். ஒரு வாரம் முழுக்கப் போகலாம் போகலாம் என்றே இருந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் அவர் மண்டியைக் கிளப்பிவிட்டார். போர்டு எந்த உத்தரவும் போடவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. மெயின் ரோட்டோரம் ஷாப்புக்குப் பக்கத்தில் அவருக்கு நிலம் இருந்தது. கீற்றுக் கொட்டகை போட்டு மண்டி, ஆபீஸ், சம்பளம் எல்லாவற்றையும் அங்கே மாற்றிக்கொண்டார். எங்கள் தெருவில் கொண்டாட்டம். தண்ணீர் வண்டி வைத்துத் தெருவைக் கழுவினோம். கடைக்குக் கடை சாம்பிராணி போட்டோம். அடுத்த வியாழக்கிழமை புது லுங்கிகளாக எடுத்து அடுக்கிவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. விளக்கு வைக்கிற நேரமும் ஆயிற்று. தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தால், அவரவர் கடையில் உட்கார்ந்திருந்த நாங்கள் மட்டும்தான். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம். தெரு சுத்தமாக இருந்தது, நல்ல மணமாக இருந்தது.

முதலில் டீக்கடை போயிற்று. கயிறு விற்றவர், உப்பு விற்றவர், முடி வெட்டுகிறவர் எல்லோரும் மண்டி பின்னாலேயே போய்விட்டார்கள். டாக்டர் ஆறு மாதம் பார்த்தார். வக்கீல் ஒரு வருஷம் பார்த்தார். பஸ் நின்றது. கிராமத்து வண்டிகள் ரோட்டிலேயே தோலை இறக்கிவிட்டு, ரோட்டிலேயே புதிதாக முளைத்த கடைகளில் துணி எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பின. பண்ணையார் வீட்டுக் கல்யாணங்களுக்குத் தொடர்ந்து வேலூரில்தான் ஜவுளி எடுத்தார்கள். நான் ஐந்து வருஷம் ஒப்பேற்றினேன். கடைசி நாள் பலகைகளைப் போட்டுப் பூட்டியபோது உன் அம்மா பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது புரிகிறதா, உன் கடிதத்தைப் பார்த்து நான் ஏன் நடுங்கினேன் என்று? அந்த மனுவை நீ பார்த்ததில்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியிருந்தும் அதே பின்சந்து, அதே கண்டிப்பு. இதை உனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? நான்தான். கோலைத் தூக்கிக் காட்டியபோது நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உனக்கு என் மூக்கு வந்திருக்கிறது, என் வழுக்கை வரப்போகிறது, அதோடு இதுவும் வந்திருக்கிறது. எனக்கு வேறு எதற்கும் வராத அளவுக்குப் பயம் இதற்கு வருகிறது. நீ கெட்டவன் இல்லை. நானும் கெட்டவன் என்று என்னை நினைத்துக்கொண்டதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்று புதன்கிழமை. காலையில் உன் அக்காவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறி நம் ஊருக்குப் போனேன். உன்னைப் பார்க்க வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ரோட்டிலேயே இறங்கிக்கொண்டேன். மண்டிக்குப் போகிற வழியில் ஒரு ஜவுளிக் கடை. பட்டை இடிக்கிற பெண்கள் நாலைந்து பேர், வேலை நடுவில் வந்தவர்கள், கை கூடச் சரியாகக் கழுவாமல், புடவைகளைப் பிரித்துப் போட்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் இன்னும் இரண்டை எடுத்துப் போட்டான். ஒருத்தி வேண்டாம் என்று தள்ளியதை அடுத்தவள் எடுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டாள். வாசனை நின்றுவிடும், யாரும் வாங்க மாட்டார்கள் என்று இத்தனை வருஷம் நான் நம்பியது பத்தே நிமிஷத்தில் என் கண் முன்னால் பொய்த்துப் போயிற்று.

பாய்க்கு இப்போது கண் பார்வை கம்மி. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன் என்று தெரியும். நின்றுகொண்டே சொன்னேன்.

"பாய், அந்த மனுவ நான்தான் எழுதினேன்."

"தெரியும் தோஸ்த். அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். டீ முடியற வரைக்கும் பாத்தேன்." மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ரொம்ப பேஜாராப் போச்சுப்பா அன்னிக்கு. மண்டி போனதுக்கு இல்ல. இனிமே எனக்குக் காயிதம் எழுத யாரு கீறாங்கன்னு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. டீ சொன்னார். குடித்தேன். பிறகு உன் பேச்சு வந்தது. நீ வெள்ளிக்கிழமை வரப்போவது அவருக்குத் தெரியும். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மண்டியைத் திரும்பக் கொண்டுவருவாரா என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். உனக்காகக் கேட்டேன்.

"இங்க எடம் பத்தல. அந்தப் பழைய கட்டடம் இன்னும் என்னுதுதான். வரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல" என்றார். "பையன் வரட்டும். அவன் இன்னா கேக்கறான்னு பாத்துட்டு சொல்றேன்."

நீ என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், சேகர். அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, உன் கடிதம் என் சட்டைப்பையில் இருக்க, அந்த நாலு வரியைத் தெரிந்து வைத்துக்கொண்டு நான் பேசாமல் டீ குடித்தேன். மறுபடியும் ஒரு முறை அவரிடம் மறைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ மனது மாறிவிட்டால் அவருக்கு அது தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன்.

நீ பெரியவன் ஆகிவிட்டாய், உத்தரவு போட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கெஞ்சுகிறேன். பின்சந்து என்ற வார்த்தையை அவரிடம் சொல்லாதே. வாயால் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. மண்டி வந்த பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதில் வைத்திருந்தாலும் போகாதே. துண்டுக்குள் விரல் பிடித்தே மனசைப் படிக்கிற தொழில் அவருடையது. உன்னை நம்பி ஆறு பேர் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். மருமகள் மாசமாக இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டாய். மண்டி வராவிட்டால் அந்தத் தெருவில் வக்கீலும் டாக்டரும் ஒரு வருஷம் நிற்க மாட்டார்கள், நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பயம்தான். ஆனால் இதைவிடப் பெரிய பயம் வேறு. நீ கேட்டபடியே பாய் ஒத்துக்கொண்டு, மண்டியும் வந்து, கடையும் ஓடி, நீயும் ஒரு கோல் செய்து வைத்துக்கொண்டால்? நல்லாயிருக்கிறான் என் பிள்ளை என்று ஊர் சொல்லும். நான் என்ன சொல்வேன்?

கடை திறந்தால் துணியை வெளியே வை. வியாழக்கிழமை நல்ல சரக்கை எடுத்து முன்னால் வை. வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும், பிரித்துப் பார்க்கட்டும், வேண்டாம் என்று போட்டுவிட்டும் போகட்டும். உள்ளே பாயில் உட்காரட்டும். மேலத்தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனால் போகட்டும், உன் கை நடுங்கக் கூடாது. நடுங்கினாலும் பரவாயில்லை, நடுங்கிக்கொண்டே விரித்துக் காட்டு. இதற்கு உன்னால் முடியாது என்று தோன்றினால் பலகைகளைத் திரும்பப் போட்டுப் பூட்டிவிட்டு மெட்ராஸுக்கே போய்விடு. தெரு இப்படியே கிடக்கட்டும். அதில் எனக்கு வருத்தம் இருக்காது.

இதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் எழுதினேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேருமோ என்னவோ என்று பயம். கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் தொலைத்துவிடுவானோ என்று பயம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிற வரைக்கும் கடைக்கு வெளியே நிற்கிறேன். படித்து முடித்த பிறகு, உனக்கு மனசிருந்தால், உள்ளே கூப்பிடு.

உன் நைனா